கொரிய நாட்டின் ஆங்கில வகுப்பறை

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் ஆட்சியாண்டுகளைக் கொண்டு எழுதுவர். போர்களையும் உடன்படிக்கைகளையும் கொண்டு எழுதுவர். அந்நாட்டு மக்கள் எந்தப் பிறமொழியை, எவரிடம், எதற்காகக் கற்றார்கள் என்பதைக் கொண்டும் எழுதலாம். கொரிய நாட்டுக்கு இம்மூன்றாவது வழி பெரிதும் பொருந்தும். பல நூற்றாண்டுகள் சீன எழுத்தைக் கற்றவனே அங்கு அறிஞன் எனப்பட்டான். 1910 முதல் 1945 வரை ஜப்பானிய மொழி அங்கு ஆட்சிமொழியாய் இருந்தது. அதன்பின் தென்கொரியாவில் ஆங்கிலம் உயர்வுக்கு ஏணியாயிற்று. இம்மூன்றுக்கும் இடையில் கொரிய மொழி தன்னைக் காத்துக்கொண்ட கதையே அந்நாட்டின் அகவரலாறு எனலாம்.

தென்கொரியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'மொழிக் கல்வி நிலையம்' என்ற பெயரில் தனிக் கட்டடம் ஒன்று உண்டு. காலையில் முதலாண்டு மாணவரும், மாலையில் அலுவலகப் பணியாளரும், விடுமுறையில் பள்ளிச் சிறுவரும் அங்கு வந்து ஆங்கிலம் பயில்வர். கடல் கடந்து வந்த ஆசிரியர் கரும்பலகையின் முன் நிற்பார். இக்காட்சிக்கு ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் வரலாறு உண்டு. அவ்வகுப்பறை ஆங்கிலத்துக்கு எத்தனை மாணவரைத் தேடித் தந்தது என்று கணக்கிடுவோர் பலர். அது கொரிய மொழிக்கு என்ன தந்தது என்று கேட்பதே கவிஞர்க்கு உரிய கேள்வி.

துபாஷிகளைத் தேடிய அரசு

1882ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் கொரிய அரசு அமெரிக்காவுடன் நட்பு, வணிக உடன்படிக்கை செய்துகொண்டது. மேலைநாடு ஒன்றுடன் அது செய்த முதல் உடன்படிக்கை அதுவே. அதன் வாசகத்தைப் பேசி முடித்தவர் சீனப் பேரரசின் அமைச்சர் லீ ஹுங் சாங். அமெரிக்கர் கூறியதைக் கொரியர் சீனத்தின் வாயிலாகவே அறிய முடிந்தது. தன் தலைவிதியை எழுதும் ஓலையைத் தானே படிக்க இயலாத நிலையில் அரசு இருந்தது.

அக்குறையைத் தீர்க்க 1883இல் 'தோங்முன்ஹாக்' என்ற பள்ளி தொடங்கப்பெற்றது. கொரிய அரசின் சுங்கத்துறையைக் கவனித்துவந்த செர்மானியர் மோலன்டார்ஃப் அதை அமைத்தார். ஹாலிஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கு ஆங்கிலம் கற்பித்தார். சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பெனி நாள்களில் துபாஷிகள் என்ன பணி செய்தார்களோ அப்பணிக்கு ஆள்களைப் பழக்குவதே அப்பள்ளியின் நோக்கம். இலக்கியமோ சிந்தனையோ அதன் எல்லைக்குள் வரவில்லை. மூன்றாண்டுகளில் பள்ளியும் மூடப்பட்டது.

1886 செப்டம்பரில் அரசர் கோஜோங் 'யுக்யோங் கோங்வோன்' எனும் அரச கல்லூரியை நிறுவினார். கற்பிக்க அமெரிக்காவிலிருந்து மூன்று இளைஞர் வந்தனர்: ஹல்பர்ட், ஜில்மோர், பங்கர். மூவரும் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் பயின்றவர்கள். மாணவரோ உயர்குடிப் பிள்ளைகளும் இளம் அதிகாரிகளும். ஆசிரியர்க்குக் கொரியம் தெரியாது. மாணவர்க்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் நின்று சொல்லித் தர மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டனர். அரண்மனைப் பதவி வாய்த்தவுடன் மாணவர் படிப்பைக் கைவிட்டனர். 1894இல் அக்கல்லூரியும் முடிவுற்றது.

அதே காலத்தில் தலைநகரில் பேசை என்ற பள்ளியை 1885இல் தொடங்கிய அப்பென்செல்லர் ஒரு செய்தியைக் குறித்து வைத்துள்ளார். ஆங்கிலம் ஏன் கற்க விரும்புகிறாய் என்று மாணவரைக் கேட்டால், பதவி பெற என்பதே வழக்கமான விடையாம். நூற்றாண்டு கடந்த பின்னரும் மொழிக் கல்வி நிலையங்களின் வாயிலில் இக்கேள்வியைக் கேட்டால், சொற்கள் மாறியிருக்கும். விடை பெரிதும் மாறியிராது.

கற்பிக்க வந்தவர் கற்றது

அரச கல்லூரி தோற்றது. அதன் ஆசிரியருள் ஒருவர் தோற்கவில்லை. ஹோமர் ஹல்பர்ட் கற்பிக்க வந்த நாட்டின் மொழியைத் தாமே கற்றார். பதினைந்தாம் நூற்றாண்டில் செஜோங் மன்னர் வகுத்தளித்த ஹங்குல் எழுத்து அவரை வியக்கவைத்தது. ஒலிக்கேற்ப அமைந்த, எளிய மக்களும் சில நாள்களில் கற்கத்தக்க அவ்வெழுத்தைக் கொரிய அறிஞரே பெண்டிர் எழுத்தென இகழ்ந்து ஒதுக்கியிருந்தனர். சீன எழுத்தில் எழுதினால்தான் புலமை என்ற எண்ணம் ஊறியிருந்தது. வடமொழி கலந்து எழுதினால்தான் மதிப்பு என்றிருந்த மணிப்பிரவாளக் காலத்தை அறிந்த தமிழர்க்கு இது புதுமையன்று.

1890ஐ ஒட்டி ஹல்பர்ட் உலக நிலநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். 'சாமின்பில்ஜி' என்பது அதன் பெயர். கற்றோரும் மற்றோரும் கட்டாயம் அறியவேண்டியது என்பது அதன் பொருள். சீன எழுத்தின் கலப்பின்றி முழுதும் ஹங்குலில் அது அமைந்தது. தம் எழுத்தின் அருமையறியாது அதைப் புறக்கணிப்பது வருந்தத்தக்கது என்று முன்னுரையில் கொரியரை நோக்கி அவர் எழுதினார். ஆங்கிலம் கற்பிக்கச் சம்பளம் பெற்று வந்தவர், மாணவரிடம் அவர்தம் தாய்மொழிக்காக வாதாடினார் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி.

1896இல் அவர் கொரிய இசை பற்றி எழுதிய கட்டுரையில், மக்கள் வாயில் மட்டும் வாழ்ந்துவந்த 'அரிராங்' பாடலை மேலைநாட்டு இசைக்குறிப்பில் முதன்முதலாகப் பதிவு செய்தார். 1907இல், ஜப்பானின் பிடியில் சிக்கிய கொரியாவின் முறையீட்டை ஹேக் நகர மாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் முயற்சியில் பங்கேற்றார். நெடுங்காலம் கழித்து 1949இல் விடுதலை பெற்ற நாட்டுக்குத் திரும்பினார். வந்த சில நாள்களிலேயே காலமானார். அவர் விரும்பியபடியே கொரிய மண்ணில், சியோலின் ஹான் ஆற்றங்கரையை அடுத்த யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

தமிழர் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இவர் வாழ்வில் உண்டு. கொரிய மொழிக்கும் தென்னிந்தியத் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்று கருதிய ஹல்பர்ட், இரண்டின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905இல் சியோலில் ஒரு நூலே வெளியிட்டார். 1856இல் வெளிவந்த கால்டுவெலின் ஒப்பிலக்கணம் வகுத்த திராவிட மொழிக்குடும்பமே அவ்வொப்பீட்டின் மறுபாதி. அவர் கருதிய இனவுறவை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. எனினும் அவர் கண்ட அமைப்பொற்றுமை கற்பனையன்று. 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்பதைக் கொரியர் 'நானுன் ஜிபே கந்தா' என்பர். சொல்லுக்குச் சொல் வரிசை அப்படியே நிற்கும். வேற்றுமை உருபு பெயரின் பின் ஒட்டும். வினை இறுதியில் வரும். ஒட்டுமேல் ஒட்டாகச் சொல் நீளும். ஆகவே ஆங்கில வாக்கியத்தின்முன் தமிழ்ச் சிறுவன் எங்கே தடுமாறுகிறானோ, கொரியச் சிறுவனும் ஏறத்தாழ அங்கேயே தடுமாறுகிறான். ஒப்பீட்டு நோக்கில் இப்படியோர் எண்ணம் தோன்றிய இடம் ஆங்கில வகுப்பறை ஒன்றின் அருகாமை என்பது குறிப்பிடத்தக்கது.

பேசை பள்ளியின் மாணவர்

ஹல்பர்ட் விதைத்ததைக் கொரியரே வளர்த்தனர். பேசை பள்ளியில் 1890களில் பயின்ற ஏழை மாணவர் ஜூ சி கியோங். ஆங்கில இலக்கணத்தைக் கற்றபோது அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வி, கொரியத்துக்கு இப்படியோர் இலக்கணம் ஏன் எழுதப்படவில்லை என்பதாகும். பிறமொழி இலக்கணத்தில் தாய்மொழியின் முகத்தை அவர் தேடினார்.

1896 ஏப்ரல் 7ஆம் நாள் 'தோங்நிப் சின்முன்' என்ற விடுதலை இதழ் பிறந்தது. அமெரிக்காவில் மருத்துவம் பயின்று திரும்பிய சோ ஜே பில் அதன் நிறுவனர். ஹங்குலில் மூன்று பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என அது தொடங்கியது. சொற்களுக்கு இடையே இடம்விட்டு அச்சிடும் வழக்கத்தை அவ்வேடு பரப்பிற்று. அதில் பிழைதிருத்தும் பணியாற்றியவர் ஜூ சி கியோங். எழுத்துமுறையை ஒழுங்குபடுத்த அங்கேயே ஒரு சிறு கழகம் அமைத்தார். ஒரு பள்ளியிலிருந்து மறுபள்ளிக்குப் புத்தக மூட்டையுடன் நடந்து நடந்து கொரிய இலக்கணம் கற்பித்த அவர், 1914இல் நாற்பது வயதும் நிறையாமல் மறைந்தார். அவருடைய மாணவர் வழியில் உருவானதே கொரிய மொழிக் கழகம்.

பதவிக்காக ஆங்கிலம் கற்ற எத்தனையோ பேரின் பெயர்கள் மறைந்தன. ஆங்கில இலக்கணத்தைக் கற்றுக் கொரிய இலக்கணத்துக்கு உழைத்தவர் பெயர் நின்றது.

அடிமை நாளில்

1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆங்கிலம் பாடத்திட்டத்தில் நீடித்தது. ஆனால் ஜப்பானிய மொழியின் வாயிலாகக் கற்பிக்கப்பட்டது. வாய்திறந்து பேசும் பயிற்சி தேய்ந்தது. வாக்கியத்தைப் பகுத்து, அகராதி பார்த்து, ஜப்பானியத்தில் பெயர்த்து எழுதுவதே ஆங்கிலக் கல்வியாயிற்று. படிக்கத் தெரியும், பேசத் தெரியாது என்ற குறை கொரிய ஆங்கிலக் கல்வியைப் பல தலைமுறைகள் தொடர்ந்ததற்கு இம்முறையும் ஒரு காரணம்.

எனினும் அக்காலத்து ஆங்கில இலக்கிய வகுப்பு கொரியக் கவிதைக்கு ஒரு சாளரமாக அமைந்தது. புதுக்கவிதையின் முன்னோடியாகப் போற்றப்படும் ஜோங் ஜி யோங், கியோட்டோ நகரின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். வில்லியம் பிளேக்கை ஆராய்ந்தவர். சியோல் திரும்பிப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராய் இருந்தார். பகலில் ஆங்கிலம் கற்பித்தார். கவிதையைக் கொரியத்தில் எழுதினார். அவர் கவிதையில் ஆங்கிலச் சாயல் மேலோங்கவில்லை. வழக்கொழிந்த கொரியச் சொற்களும் வட்டார வழக்குகளும் உயிர்பெற்றன. பிறமொழியில் கூர்மையுற்ற செவி தாய்மொழியின் ஒலியை நுட்பமாகக் கேட்டது.

அவருடைய கவிதையை நேசித்த இளைஞர் யுன் தோங் ஜூ. 1938இல் யோன்ஹி கல்லூரியில் சேர்ந்து, ஜூ சி கியோங்கின் மாணவரான சோ ஹியோன் பேயிடம் கொரிய மொழி பயின்றார். பின் ஜப்பான் சென்று முதலில் ரிக்யோ பல்கலைக்கழகத்திலும், அடுத்துத் தம் ஆசான் எனக் கருதிய கவிஞர் பயின்ற தோஷிஷாவிலும் ஆங்கில இலக்கியம் கற்றார். அவர் கல்லூரியில் சேர்ந்த அதே 1938இல்தான் பள்ளிகளில் கொரிய மொழி விருப்பப் பாடமாகத் தாழ்த்தப்பட்டது. விரைவில் அது வகுப்பறையிலிருந்தே மறைந்தது. ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்று, ஜப்பானியத்தில் தேர்வெழுதி, தடைசெய்யப்பட்ட தாய்மொழியில் கவிதை எழுதினார் யுன். 1943இல் கைது செய்யப்பட்டு, 1945 பிப்ரவரி 16ஆம் நாள் ஃபுகுவோகா சிறையில் தம் இருபத்தெட்டாம் அகவையில் உயிர்நீத்தார். நண்பர் வீட்டில் மறைத்துக் காக்கப்பட்ட அவருடைய கையெழுத்துப்படி 1948இல் நூலாயிற்று. அதற்கு முன்னுரை எழுதியவர் ஜோங் ஜி யோங்.

1942இல் கொரிய மொழிக் கழகத்தார் கைது செய்யப்பட்டனர். அகராதி தொகுத்ததே அவர்கள் செய்த குற்றம். இருவர் சிறையில் மாண்டனர். பறிமுதலான அகராதிக் கையெழுத்துப்படி, விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில் சியோல் தொடர்வண்டி நிலையப் பண்டகசாலையில் கண்டெடுக்கப்பட்டது. ஜூ சி கியோங் தொடங்கிய பயணம் அழியாமல் நின்றது.

ஆட்சிமொழியாக வந்த ஆங்கிலம்

1945 செப்டம்பர் 7ஆம் நாளிட்ட மக்ஆர்தரின் முதல் பிரகடனம், 38ஆம் நிலக்கோட்டுக்குத் தெற்கே இராணுவ ஆட்சி நிலவும் வரை ஆங்கிலமே ஆட்சிமொழி என அறிவித்தது. ஜப்பானியம் நீங்கிக் கொரியம் மூச்சுவிடத் தொடங்கிய அதே திங்களில் இன்னொரு பிறமொழி அரியணை ஏறியது. ஆங்கிலம் அறிந்த சிலரே அமெரிக்க அதிகாரியின் காதுக்கும் மக்களின் வாய்க்கும் நடுவில் நின்றனர். அவ்வாட்சியைத் 'துபாஷி அரசியல்' என்று மக்கள் கசப்போடு குறிப்பிட்டனர்.

1950இல் போர் மூண்டது. கவிஞர் கிம் சூ யோங் கோஜே தீவின் போர்க்கைதி முகாமில் அடைபட்டார். அவர் அறிந்திருந்த ஆங்கிலம் அவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கியது. விடுதலையான பின் ஆங்கில நூல்களைக் கொரியத்தில் பெயர்த்தே வாழ்க்கையை ஓட்டினார். அவர் தலைமுறையினர் பள்ளியில் ஜப்பானியத்தில் சிந்திக்கப் பழக்கப்பட்டவர்கள். ஆங்கிலம் அவர்க்குச் சோறிட்டது. ஆனால் கொரியத்தை அவர்கள் வயதுவந்தபின் மீண்டும் தேடிக் கைக்கொள்ள வேண்டியிருந்தது. ஜோங் ஜி யோங்கோ அப்போரில் காணாமற்போனார். அவருடைய நூல்கள் 1988 வரை தென்கொரியாவில் தடைசெய்யப்பட்டிருந்தன.

பல்கலைக்கழக மொழி நிலையம்

போருக்குப் பிந்திய பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் இரு வீடுகளில் வாழத் தொடங்கியது. ஒன்று ஆங்கில இலக்கியத் துறை. மற்றொன்று மொழிக் கல்வி நிலையம்.

இலக்கியத் துறையில் கொரியப் பேராசிரியர் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் கொரிய மொழியிலேயே விளக்கினர். மொழி நிலையத்தில் அயல்நாட்டார் பேச்சுமொழியைப் பயிற்றினர். 1954இல் அயல்மொழிகளுக்கென்றே ஹங்குக் அயல்மொழிப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1959இல் யோன்சே பல்கலைக்கழகத்தில் அயலார்க்குக் கொரியம் கற்பிக்கும் நிலையம் ஏற்பட்டது. 1960களிலும் அதன்பின்னும் மொழி ஆய்வு நிலையங்களும் மொழிப் பயிற்சிக் கூடங்களும் பெருகின. ஒலிநாடாவும் காதொலிப்பானும் பொருத்திய ஆய்வுக்கூடங்கள் அந்நாளைய பெருமைகள்.

இரு வீடுகளுக்கும் இடையே கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. துறைப் பேராசிரியர் நிலையான பதவியினர். நிலையத்துப் பயிற்றுநர் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தினர். துறையில் இலக்கியம் இருந்தது, பேச்சு இல்லை. நிலையத்தில் பேச்சு இருந்தது, இலக்கியம் இல்லை. ஒரு மொழியின் உயிரையும் மூச்சையும் தனித்தனியே பிரித்து வைத்தது போன்ற ஏற்பாடு இது.

பயிற்றுநரைத் தெரிந்தெடுக்கும் முறையும் ஆராயத்தக்கது. பேச்சுமொழிப் பயிற்றுநருக்கான விசாவைக் கொரிய அரசு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டார்க்கே பெரிதும் வரையறுத்தது. அந்நாட்டுக் குடிமகன் ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்தால் போதும். முப்பதாண்டுகள் ஆங்கிலம் கற்பித்த சென்னைப் பேராசிரியர்க்கு அக்கதவு மூடியிருந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தமே, தகுதிபெற்ற இந்திய ஆசிரியர் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற வழிசெய்தது. மொழி கற்பித்தலில் பிறப்பிடம் கல்வியைவிடப் பெரிதாக எண்ணப்பட்ட நிலை இது.

வகுப்பறைக்குள்

மொழி நிலையத்து ஆசிரியர் முதலில் எதிர்கொள்வது மாணவரின் மௌனம். வந்த புதிதில் அதை அறியாமை என்று எண்ணுவார். அது மரியாதை என்பது பிறகே விளங்கும். ஆசிரியர் முன் பிழைபடப் பேசுவதைவிடப் பேசாதிருப்பது பண்பு எனக் கருதும் மரபு அது. ஓராண்டு முன்னதாகச் சேர்ந்தவரும் அங்கு மூத்தவரே. மூத்தவர் அமர்ந்திருக்க இளையவர் முந்திக்கொண்டு விடைசொல்வது நாகரிகமன்று.

கொரிய மொழியில் வினைமுற்று ஒவ்வொன்றும் எதிரே இருப்பவர் யார் என்பதைச் சொல்லும். உயர்ந்தோர்க்கு ஒரு விகுதி, ஒத்தோர்க்கு ஒரு விகுதி, இளையோர்க்கு வேறொரு விகுதி. தமிழில் 'வா', 'வாருங்கள்' என்ற வேறுபாடு உண்டு. கொரியத்தில் அது இன்னும் பல படிகளாக விரியும். ஆசிரியரைப் பெயர்சொல்லி அழைக்கும் வழக்கமே இல்லை. ஆசிரியர் என்னும் சொல்லுடன் மரியாதை ஒட்டும் சேர்த்துச் 'சொன்செங்நிம்' என்றே அழைப்பர். அத்தகைய மாணவரிடம், என்னை டாம் என்று கூப்பிடு என்று ஆசிரியர் சொன்னால் நா எழுவதில்லை. தாத்தாவையும் தம்பியையும் ஒரே முன்னிலைச் சொல்லால் சுட்டும் ஆங்கிலம், அவர்க்குச் சொல்லளவில் எளிது, மனத்தளவில் கடினம்.

ஒலியிலும் அப்படியே. 'எஃப்' ஒலி கொரியத்தில் இல்லை; 'ப'கரமே அதன் இடத்தில் நிற்கும். ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்து. மெய்யில் முடியும் பல அயற்சொற்களுக்கு இறுதியில் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். நம் பேச்சில் பஸ் 'பஸ்ஸு' ஆவதுபோல் அவர் பேச்சில் அது 'பொசு' ஆகும். குற்றியலுகரத்தின் இயல்பறிந்த தமிழ்ப்புலவர் இதைப் பிழை என்று நகையார். ஒரு மொழி வேற்றுச் சொல்லைத் தன் இலக்கணத்துக்குள் வரவேற்கும் முறை என்றே கொள்வர். கொரிய மாணவரின் உச்சரிப்பைத் திருத்தும் ஆசிரியர் உண்மையில் போராடுவது மாணவரின் நாவோடு அன்று; அவர்தம் தாய்மொழியின் ஒலியியலோடு. இதை அறிந்த ஆசிரியர் பொறுமையாய்க் கற்பித்தனர். அறியாதார் சினந்தனர்.

அளவுகோலாகிய மொழி

1980கள் முதல் காட்சி மாறியது. 1982இல் 'டோயிக்' எனும் ஆங்கிலத் தேர்வு கொரியாவில் நுழைந்தது. வேலை தேடும் இளைஞரின் தலைவிதி அதன் மதிப்பெண்ணில் அடங்கலாயிற்று. 1988 ஒலிம்பிக் போட்டி, 1989இல் அயல்நாட்டுப் பயணத்துக்கு இருந்த தடை நீக்கம், 1994இல் அரசு அறிவித்த 'உலகமயம்' என்னும் கொள்கை ஆகியவை ஆங்கில வேட்கையைப் பெருக்கின. 1997இல் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் கட்டாயப் பாடமாயிற்று. அதே ஆண்டு இறுதியில் நாணய நெருக்கடி தாக்கி வொன் மதிப்பு சரிந்தபோது, டாலர்க் கணக்கில் தம் ஊதியம் கரைந்ததைக் கண்டு பயிற்றுநர் பலர் நாடு திரும்பினர். ஆயினும் வேட்கை தணியவில்லை. 1999இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் மொழி நிலையம் 'டெப்ஸ்' என்ற தன் சொந்தத் தேர்வை நடத்தத் தொடங்கியது. மொழி நிலையங்களில் உரையாடலைவிடத் தேர்வுப் பயிற்சிக்கு இடம் மிகுந்தது.

நெருக்கடி தாக்கிய மறு ஆண்டு, 1998இல், நாவலாசிரியர் போக் கோ இல் ஒரு நூலில் ஆங்கிலத்தைக் கொரியாவின் ஆட்சிமொழியாக்க வேண்டுமென வாதிட்டார். உலக மொழியாகிய ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளும் தலைமுறை வந்தால் நாடு உயரும் என்பது அவர் கருத்து. எழுத்தாளரும் மொழியறிஞரும் கொதித்தெழுந்தனர். அகராதிக்காக உயிர்விட்டோரின் நினைவு மாயாத நாட்டில், கொரியத்தில் எழுதி வாழும் ஓர் எழுத்தாளரே அவ்வாறு கூறியதுதான் அதிர்ச்சி. ஒரு மொழி பேசப்படாமற் போவதற்கு எப்போதும் பகைவர் படையெடுத்து வரவேண்டியதில்லை. பிள்ளைகளின் நலம் கருதும் பெற்றோரே போதும் என்பதை அவ்விவாதம் வெளிப்படுத்தியது.

2008 தொடக்கத்தில் இன்னொரு சலசலப்பு. புதிய அரசுக்கான ஆயத்தக் குழுவின் தலைவர், ஆரஞ்சுப் பழத்தின் பெயரைக் கொரிய முறைப்படி 'ஒரென்ஜி' என்றால் அமெரிக்கர்க்குப் புரியவில்லை, 'ஒரின்ஜி' என்பதுபோல் எழுத வேண்டும் என்றார். நாடே நகைத்தது. நகைப்பின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: கொரிய எழுத்தில் ஒரு சொல் எழுதப்படுவது எவர் காதுக்காக? கொரியர் காதுக்கா, அமெரிக்கர் காதுக்கா? அயற்சொல்லைத் தமிழில் எழுதும்போது கிரந்தம் வேண்டுமா வேண்டாவா என்று வாதிடும் இலக்கிய வட்டங்களுக்கு இக்கேள்வியின் எடை தெரியும்.

மறுகரை திரும்பியவர்கள்

இதே காலத்தில், தேர்வும் மதிப்பெண்ணும் சாராத வேறொரு வரலாறும் ஓசையின்றி நடந்துவந்தது. ஆங்கிலம் கற்பிக்க வந்த சிலர், ஹல்பர்ட்டைப் போலவே, கொரியக் கவிதையின் மாணவர் ஆயினர்.

1966 முதல் 1981 வரை அமெரிக்க அமைதிப் படையின் தொண்டர் ஏறத்தாழ இரண்டாயிரவர் கொரியா வந்தனர். பலர் ஆங்கில ஆசிரியராய்ப் பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருவர் டேவிட் மக்கான். ஆந்தோங் ஊரில் பணியாற்றியவர், நாடு திரும்பிக் கொரிய இலக்கியப் பேராசிரியராகி, கிம் சோ வோலின் கவிதைகளை ஆங்கிலத்தில் தந்தார். 1964இல் வந்த அயர்லாந்துத் துறவி கெவின் ஓரூர்க், கியுங்ஹி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே கொரிய இலக்கியம் பயின்று 1982இல் யோன்சேயில் முனைவர் பட்டம் பெற்றார். கொரியாவில் கொரிய இலக்கியத்துக்காக அப்பட்டம் பெற்ற முதல் அயலார் அவரே. பழைய சிஜோ பாடல்கள் முதல் இக்காலக் கவிதை வரை ஆயிரக்கணக்கில் பெயர்த்த அவர் 2020இல் மறைந்தார். 1980இல் வந்த சகோதரர் அந்தோணி, சோகாங் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தபடியே கு சாங், கோ உன் போன்ற கவிஞர்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1994இல் கொரியக் குடியுரிமை ஏற்று, 'ஆன் சொன்ஜே' என்ற கொரியப் பெயரும் பூண்டார்.

இவர்களுடைய பணியை நோக்கும்போது நம் நாட்டு நினைவொன்று எழுகிறது. கொரிய அரச கல்லூரி திறக்கப்பட்ட அதே 1886இல்தான் ஜி.யு. போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. போதிக்க வந்தவர் மாணவராகும்போதுதான் மொழிகளுக்கு இடையே உண்மையான கொடுக்கல் வாங்கல் நிகழ்கிறது.

கொரிய மொழியை வளர்ந்தபின் கற்ற ஆங்கிலப் பெண்மணி டெபோரா ஸ்மித் பெயர்த்த ஹான் காங்கின் நாவல் 2016இல் மேன் புக்கர் அனைத்துலகப் பரிசு பெற்றது. 2024இல் ஹான் காங்குக்கே இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிட்டியது. அவர் ஆங்கிலத்தில் எழுதியவர் அல்லர். யுன் தோங் ஜூ பயின்ற யோன்ஹி கல்லூரியின் வழிவந்த யோன்சே பல்கலைக்கழகத்தில் கொரிய இலக்கியம் பயின்று, கொரியத்தில் எழுதியவர். உலகு தம்மை அறியவேண்டுமானால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாக்க வேண்டும் என்று 1998இல் எழுந்த வாதத்துக்கு இதைவிடத் தெளிந்த மறுமொழி வேண்டுவதில்லை.

மாறிய கட்டடம்

இன்று மொழிக் கல்வி நிலையங்களின் நிலை மாறிவருகிறது. 2017 நவம்பரில் நடந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலிருந்து ஆங்கிலப் பாடத்துக்கு ஒப்பீட்டுத் தரவரிசை நீக்கப்பட்டது. குறித்த மதிப்பெண் எடுத்தவர் அனைவர்க்கும் ஒரே தரம் கிடைக்கிறது. பிறப்பு விகிதம் உலகிலேயே மிகத் தாழ்ந்த நிலைக்குச் சென்றதால் மாணவர் தொகை சுருங்குகிறது. ஆங்கில வகுப்புகள் குறைய, அதே நிலையங்களில் வேறொரு வகுப்பு பெருகுகிறது. அயல்நாட்டார்க்குக் கொரியம் கற்பிக்கும் வகுப்பு அது. 2024இல் கொரியாவில் பயின்ற அயல்நாட்டு மாணவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. வியட்நாமியரும் சீனரும் உஸ்பெக்கியரும் அங்கு அமர்ந்து ஹங்குல் எழுதிப் பழகுகின்றனர். கரும்பலகை முன் நிற்பவர் இப்போது கொரிய ஆசிரியர். மௌனம் காப்பவர் அயலார். 2006இல் சென்னையில் அமைந்த இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் தமிழ் இளைஞரும் அம்மொழியைக் கற்றுவந்துள்ளனர். அவர்க்கு அச்சொல்வரிசை எளிதாய் வருவதில் வியப்பில்லை.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கொரிய நாட்டில் ஆங்கில வகுப்பறை மட்டுமே தாய்மொழியை வளர்த்ததும் இல்லை, கெடுத்ததும் இல்லை. பதவிக்கும் மதிப்பெண்ணுக்கும் என்று மட்டும் நுழைந்தோர்க்கு அது ஏணியாய் இருந்தது. ஏறியபின் ஏணி நினைவில் நிற்பதில்லை. தாய்மொழியை நெஞ்சில் சுமந்து நுழைந்தோர்க்கு அது கண்ணாடியாய் இருந்தது. ஜூ சி கியோங் அதில் கொரியத்தின் இலக்கணத்தைக் கண்டார். ஜோங் ஜி யோங் அதன் ஓசையைக் கண்டார்.

தமிழகத்திலும் ஆங்கில வகுப்பறைகள் பெருகிய வண்ணம் உள்ளன. அவற்றை மூடுக என்பது இலக்கிய வட்டங்களின் வேலையன்று. அங்கிருந்து வெளிவரும் இளைஞர் கையில் ஒரு தமிழ்க் கவிதை நூலைத் தருவதும், அவர் கற்றுவந்த ஆங்கிலத்தால் தமிழுக்கு ஆகக்கூடியது யாதென்று அவரிடம் கேட்பதும் அவற்றின் வேலை. அகராதிக்காகச் சிறை சென்ற ஒரு சிறிய கழகம் ஒரு மொழியைக் காத்தது. பத்தாண்டு கண்ட வட்டத்துக்கு அதைவிடச் சிறந்த வழித்துணை வேறில்லை.